இரவல் தோள்கள்

இறந்தவரின் காதோர நரை ஓரிரவில் கறுத்திருந்தது.

மேரிம் முதலில் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி, சென்ற குளிர்காலத்தில் காலமான தொக்தொசுன் என்னும் முதியவரின் உருவம் அவளுடைய கணினித் திரையில் விரிந்திருந்தது. நாளை அவருக்கு வருட நினைவு விருந்து. விருந்துக்கு முன் கல்லறையில் கல் நிறுத்தப்பட வேண்டும். கல்லில் பொறிக்க வேண்டிய படத்தை அவள் நேற்று மாலையே முடித்து, குடும்பத்தாரின் ஒப்புதலையும் பெற்று, பொறிக்கும் இயந்திரத்திற்குரிய கோப்புறையில் சேர்த்துவிட்டாள். இன்று மதியம் அதை மீண்டும் திறந்ததற்குக் காரணம், விருந்துக் கூடாரத்தில் வைப்பதற்குக் காகிதப் பிரதி ஒன்று வேண்டுமென்று முதியவரின் மகள் கேட்டதேயாகும்.

கறுத்த நரையைத் திரையின் குற்றம் என்றே அவள் கருதினாள். மனிதரைப் போலவே திரைகளும் மூப்படையும். மூப்படைந்த திரை வெள்ளையைச் சாம்பலாகவும் சாம்பலைக் கறுப்பாகவும் காட்டும். ஆகவே நிறம் அளக்கும் சிறு கருவியைத் திரையின் நடுவில் சிலந்தியைப் போலத் தொங்கவிட்டு, சாம்பல் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைவதைப் பத்து நிமிடம் பொறுமையுடன் பார்த்திருந்தாள். திரையில் குற்றமில்லை என்று முடிவு வந்தது. முடியோ கறுத்தே இருந்தது.

மலையடி நகரமான கரா-பால்தாவின் தெற்கு ஓரத்தில், கணவாயிலிருந்து இறங்கி வரும் லாரிகள் முதன்முதலாகப் பெருமூச்சு விட்டு வேகத்தைக் குறைக்கும் வளைவில் அவள் வேலை பார்க்கும் கல்லறைக் கல் பட்டறை இருந்தது. முற்பகல் முழுவதும் நிலக்கரிப் புகை வெளியேற வழியின்றி வீடுகளின்மேல் படிந்து கிடந்தமையால், மதியம் இரண்டு மணிக்கே சன்னல் ஒளி பழைய எண்ணெயின் நிறத்தை அடைந்திருந்தது. ஈரக் கல்தூளின் வாசனையும், சூடேறிய கணினியிலிருந்து எழும் தூசியின் கருகல் வாசனையும் அறையில் ஒன்றோடொன்று கலந்து நின்றன. இந்த அறையில் ஒன்பது ஆண்டுகளாக மேரிம் இறந்தவர்களின் முகங்களைச் செப்பனிட்டு வந்தாள். கோளாறுகளுக்கு அவள் அஞ்சியதில்லை. வட்டு நிறைந்துவிட்டதென்று பாதி வேலையில் மூடிக்கொள்ளும் மென்பொருளையும், தொட்டால் அசையாத வரைபேனாவையும், அச்சிடும்போது மட்டும் காணாமற்போகும் எழுத்துருவையும் அவள் தானே சீர்செய்திருக்கிறாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும், பதற்றத்தில் இரண்டை ஒருங்கே தொடக் கூடாது என்பதே அவளுடைய முறை.

பட்டறை உரிமையாளன் எர்மேக் தேநீர்க் கோப்பையுடன் கதவில் சாய்ந்தான்.

"என்ன, கம்ப்யூட்டரோட சண்டையா?"

"கிழவரோட நரை கறுத்துப் போச்சு, பைகே." அண்ணனை அழைக்கும் அந்தச் சொல்லாலேயே அவள் அவனை அழைப்பாள்.

"எனக்கும் அந்தக் கோளாறு வந்தா நல்லாயிருக்கும்." அவன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "ஆனா கறுக்கறதுக்கு மொதல்ல முளைக்கணும்."

"விளையாடாதீங்க. ஃபைல் கெட்டிருக்குமோன்னு பாக்கறேன்."

"கெட்டா என்ன, நேத்து நீ அனுப்பினதுதான் என்கிட்ட இருக்கே. சாப்பிட்டதும் மெஷின்ல கல்லை வச்சு ஊசியைப் போட்டுடுவேன். சாயங்காலம் கிழவர் தயார்." அவன் போகத் திரும்பி நின்றான். "உன் புருஷன் குபாத் எங்க வர்றான்?"

"காலையில மலைக்கு அந்தப் பக்கம் சூசமிர்ல இருந்து பேசினார். கணவாய் திறந்திருக்காம். மூணு, மூணரைக்குள்ள இறங்கிடுவேன்னார்."

"வந்துடுவான். அவன் லாரிக்கு வழி தெரியும். அவனுக்குத்தான் தெரியாது."

அவள் சிரித்தாள்; சிரித்துவிட்டுச் சன்னல் வழியே சாலையைப் பார்த்தாள். சென்ற வாரம் அந்தக் கணவாயில் இரண்டு லாரிகள் உருண்டிருந்தன. தெற்கே விளையும் ஊஸ்கென் அரிசியை ஏற்றிக்கொண்டு கணவன் அந்தப் பனியைக் கடக்கும் நாட்களில், அவன் வாசலில் வந்து நின்று காலணியை உதறும் ஓசை கேட்கும்வரை, அவளுடைய உடம்பில் ஒரு நரம்பு முறுக்கப்பட்டபடியே இருக்கும். வேலை ஒன்றே அதற்கு மருந்து. ஆகவே அவள் வேலையைப் பார்த்தாள்.

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாள். தற்காலிகக் கோப்புகளை அழித்தாள். மென்பொருளின் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் முதியவரின் முகம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகத் திரையில் நிறைந்தது. ஒவ்வொரு முறையும் அதில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. நெற்றியின் மூன்று சுருக்கங்கள் இரண்டாயின. கண்ணுக்குக் கீழே தொங்கிய பை வற்றியது. மூன்று நாட்கள் அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுச் சீர்செய்த முகம் அது. அதில் யாரோ தன்னிலும் தேர்ந்த கைகாரர் ஒருவர் தனக்குப் பின் அமர்ந்து வேலை பார்ப்பதைப் போன்ற கூச்சம் அவளுடைய பிடரியில் ஊர்ந்தது. கணினிப் பெட்டியைத் திறந்து, நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தினாள். பட்டைகள் அழுக்கேறினால் படங்கள் சிதையும் என்பது உண்மையே. சிதைந்த படத்தில் கோடுகள் வரும், கட்டங்கள் வரும். எவருக்கும் வயது குறையாது.

படம் மீண்டும் திறந்தது.

இடது புருவத்தை அறுத்துக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது. அரிசி மணியின் நீளம், வெண்மை, சற்றே சாய்வு.

அந்தத் தழும்பை அவள் அறிவாள். பதினொரு வயதில் குபாத்தைக் குதிரைக்குட்டி உதைத்ததால் வந்தது. அதன்மேல் அவளுடைய உதடு எத்தனையோ முறை பட்டிருக்கிறது.

மேரிம் திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தொடக்கூடாத ஒன்று சூடாக இருப்பதைப் போல.

காரணம் அவளுக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்ததே அச்சத்தை மிகுவித்தது. இறந்தவர்களில் பலருக்குக் கடவுச்சீட்டுப் படத்தைத் தவிர வேறு படம் இருப்பதில்லை. அதில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருப்பதில்லை. கல்லில் வெறும் தலையைப் பொறிக்க எந்தக் குடும்பமும் ஒப்புவதில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த தோள்கள் வேண்டும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில், அவசரத்திற்கு வேறு ஆள் கிடைக்காமல், மணக்கோட்டு அணிவித்துக் குபாத்தை இந்தச் சுவரின் முன் நிறுத்தி அவள் ஒரு படம் எடுத்தாள். அதன்பின் அந்தத் தோள்களே அனைவருக்கும் போதுமானவையாயின. ஆசிரியர்கள், ஓட்டுநர்கள், ஒரு நீதிபதி, ஒரு திருடன் என்று கரா-பால்தாவைச் சுற்றியுள்ள கல்லறைகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் அவளுடைய கணவனின் தோள்களை அணிந்து நிற்கின்றனர். எல்லாக் கோப்புகளும் ஒரே மூலக் கோப்போடு இணைக்கப்பட்டிருந்தன. மூலத்தில் ஒரு பொத்தானை மாற்றினால் அத்தனை பேரின் கோட்டிலும் பொத்தான் மாறும். வேலை மிச்சம் என்று அவள் அதை ஒரு திறமையாகவே எண்ணியிருந்தாள்.

பட்டறையில் ஒரு விதி இருந்தது. திருமணப் படத்திலிருந்து இறந்தவரைப் பிரித்தெடுக்கும்போது அருகில் நிற்கும் உயிருள்ளவரை வெட்டி எறிய வேண்டும். மேலே மறைப்பு இட்டு ஒளித்து வைக்கக் கூடாது. மென்பொருளில் மறைப்பு என்பது திரைச்சீலை மட்டுமே. அதன் பின்னால் ஆள் அப்படியே நிற்பார். முன்பொருமுறை மறைப்பு விலகி, இறந்தவரின் பக்கத்தில் உயிரோடிருந்த சித்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுவிட, அந்த அம்மையார் நேரில் வந்து எர்மேக்கைக் கைப்பையால் அடித்தது இன்றும் ஊரில் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. அந்த விதி வருவதற்கு முன்பே மேரிம் தன் மூலக் கோப்பைச் செய்திருந்தாள். கணவனின் முகத்தை வெட்டி எறிய அன்று அவளுக்கு மனம் வரவில்லை. மறைத்து வைத்தாள்.

ஒன்பது ஆண்டுகளாக அவன் இருநூறு பிணங்களின் முகத்திற்கு அடியில் விழித்துக்கொண்டிருந்தான்.

தொலைபேசி ஒலித்தது. எடுத்தாள்.

"டாக்டரம்மா," என்றான் குபாத். அவன் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. "இன்னிக்கும் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

"எங்க இருக்கீங்க?"

"மலை அடிவாரம். செக்போஸ்ட் தாண்டிட்டேன். ஒரு கூத்தக் கேளு. அந்தப் போலீஸ்காரன் லைசென்ஸைப் பாக்கறான், என்னப் பாக்கறான், மறுபடி லைசென்ஸைப் பாக்கறான். படம் தெளிவாத்தான் இருக்கு, ஆளுதான் மங்கலா இருக்கான்னான்."

அவள் திரையிலிருந்த தழும்பைப் பார்த்தாள்.

"பனியில நின்னு பாரு, நீயும் மங்கிடுவேன்னேன். அப்புறம் புருவத்துல தழும்பு எங்கன்னு கேக்கறான். நானும் தடவிப் பாக்கறேன், கையில தட்டல. மூஞ்சி மரத்துக் கெடக்கு போல. நெத்தியே இல்லாத மாதிரி இருக்கு."

"வண்டிய நிறுத்துங்க."

"என்ன?"

"நிறுத்துங்க. ஓரமா நிறுத்துங்க. கண்ணாடியில பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க."

"கண்ணாடி முழுக்க ஆவி, மேரிம். அரை மணியில வீட்டுல பாத்துக்கலாம். சூப் வை—"

காற்று. பின் ஒன்றுமில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் கனிவோடு கூறியது.

அவள் மூலக் கோப்பைத் திறந்தாள். மறைப்பு நைந்திருந்தது. பூச்சி அரித்த கம்பளியைப் போல அதில் ஓட்டைகள். ஓட்டைகளின் வழியே குபாத்தின் முடி, குபாத்தின் நெற்றி. வரைபேனாவை எடுத்து அந்த ஓட்டைகளைக் கறுப்பால் அடைத்தாள். அடைத்த இடத்திற்கு அருகில் வேறோர் இடம் கிழிந்தது. தூரிகையைப் பெரிதாக்கினாள். முழுமையும் பூசினாள். பூச்சு ஒரு மூச்சு நேரம் நின்று, பின் நீரில் விழுந்த மையைப் போலக் கலைந்தது. பழைய நிலைக்கு மீட்கும் கட்டளையைத் தந்தாள். ஐம்பது படிகள் பின்னோக்கிச் சென்றாள். ஐம்பதாம் படியிலும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சென்ற மாதத்துக் காப்புப் பிரதியை வெளி வட்டிலிருந்து எடுத்தாள். அதிலும் அவன்.

வெட்டி எறியலாம். ஒரே விசை. விதி அதைத்தான் கூறுகிறது.

அவளுடைய விரல் அந்த விசையின்மேல் நின்றது. எறிந்தால் அவன் எங்கே போவான்? திரைக்குள்ளிருந்து போவானா, சாலையிலிருந்து போவானா? விரலை எடுத்துக்கொண்டாள். எறிய முடியாது. அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது. கோப்பை மூடிவிட்டால், ஒருவேளை, அப்படியே நின்றுவிடும். மூடும் கட்டளையைத் தந்தாள்.

திரையில் ஒரு செய்தி எழுந்தது. இக்கோப்பை மூட இயலாது. இது வேறொரு கருவியின் பயன்பாட்டில் உள்ளது.

வேறொரு கருவி.

அப்போதுதான் அவள் கேட்டாள். கணினி விசிறியின் இரைச்சலுக்கு அடியில், சுவருக்கு அப்பாலிருந்து, நெடுநேரமாகவே வந்துகொண்டிருந்த ஓசை. வைர ஊசி கல்லைக் குத்தும் ஓசை. டிக், டிக், டிக், டிக். வரி முடிந்து ஒரு சிறு நிறுத்தம். அடுத்த வரி.

அவள் ஓடினாள். நாற்காலி விழுந்தது. முற்றத்துப் பனி. கொட்டகைக் கதவு.

எர்மேக் காதுமூடி அணிந்து மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டு, வேறொரு கல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தான். இயந்திரத்தின் அடியில் கறுப்புக் கல்பலகை படுத்திருந்தது. கல்லில் கறுப்பு என்பது தொடாமல் விட்ட இடம். வெளிச்சம் மட்டுமே குத்தி எடுக்கப்படுவது. ஊசி மேலிருந்து கீழாக வெளிச்சத்தை எடுத்துக்கொண்டே வந்திருந்தது. முடி. நெற்றி. வெட்டுப்பட்ட புருவம். இரண்டு கண்கள். மூக்கின் முனை. ஊசி இப்போது மேலுதட்டை நோக்கி இறங்கியது.

அவள் மின்கம்பியை இரு கைகளாலும் பற்றிச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அமைதி.

"அடிப் பாவி," எர்மேக் காதுமூடியைக் கழற்றினான். "நடுவுல நிறுத்தினா கல்லு போச்சே. நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"கல்லப் பாருங்க, பைகே."

அவன் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கையால் தூளைத் துடைத்தான்.

"இது நம்ம குபாத் இல்ல?" அவனுடைய குரல் தாழ்ந்துபோயிருந்தது. "ஏம்மா, உயிரோட இருக்கறவன எதுக்கு..."

"பாதிதான் ஆச்சு. பாதியில நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்ல?"

அவன் கல்லிலிருந்த கண்களைப் பார்த்தபடி ஓரடி பின்வாங்கினான். மேரிமும் பார்த்தாள். அவை அவளைப் பார்த்தன. அவள் கதவின் பக்கம் நகர்ந்தாள். கண்கள் உடன் நகர்ந்தன. அவற்றில் வழிதவறியவனின் திகைப்பு இருந்தது.

வெளியே லாரியின் ஒலி. அவளுக்குப் பழகிய ஒலி. இருமலோடு வேகம் குறைவது. பின் இரும்பு நசுங்கும் ஓசை. வாயில் தூணில் லாரியின் விளிம்பு உரசி, தூண் சாய்ந்து, வண்டி கல்துண்டுக் குவியலில் மோதி நின்றது.

கதவு திறந்தது. ஒரு கால் படியைத் தேடிக் காற்றில் துழாவியது. கண்டது. இறங்கியது. அவன்தான். அந்தத் தோள்கள். அந்தக் குளிர்க்கோட்டு. உதட்டோரத்தில் குளிருக்கு வெடித்த கோடு. அவன் வந்துவிட்டான். அவன் உயிரோடு வந்துவிட்டான்.

"மேரிம்?" என்றான். "ஊர் முழுக்கக் கரண்ட் போச்சா? வளைவுல இருந்தே ஒண்ணும் தெரியல."

மணி நான்கு. பனியின்மேல் பகல் வெளிச்சம் இன்னும் தெளிவாகவே இருந்தது.

அவன் விடை வரும் திசையைத் தேடி முகத்தைத் திருப்பினான். மேலுதடு முதல் கீழே அவளுடைய கணவன். அதற்கு மேலே ஒன்றுமில்லை. குழியில்லை, காயமில்லை, குருதியில்லை. தொடாமல் விட்ட இடம். கறுப்பாக, மழமழவென்று, மெருகேறி. அந்த மெருகில் வானம் தெரிந்தது. லாரியின் விளிம்பு தெரிந்தது. கதவில் நிற்கும் மேரிம் சிறிதாகத் தெரிந்தாள்.

"யாராவது பேசுங்களேன்," என்றான் குபாத். "எர்மேக், நீயாவது பேசுடா."

எர்மேக் கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் வாயைத் திறந்தாள். இதோ இருக்கிறேன் என்று சொல்ல விரும்பினாள்.

அவளுக்குப் பின்னால், கொட்டகைக்குள், டிக் என்றது.

அவள் தன் கையைப் பார்த்தாள். பிடுங்கிய மின்கம்பி அவளுடைய கையிலேயே இருந்தது.

டிக், டிக், டிக்.

"மே—" என்றான் அவன். மேலுதடு போயிற்று. ஒரு சிறு நிறுத்தம். அடுத்த வரி. கீழுதடு அசைந்தது, ஒரு சொல்லைத் தேடியது, போயிற்று. தாடை போயிற்று. கோட்டின் கழுத்துக்கு மேல் மெருகு மட்டும் நின்றது.

அவன் விழவில்லை. கைகளை முன்னே நீட்டிக்கொண்டு, பனியில் அடிமேல் அடிவைத்து, அவள் நிற்கும் இடத்தை நோக்கி நேராக நடந்து வந்தான். விரல்கள் அவளுடைய தோளில் பட்டன. கழுத்தில் பட்டன. பனியைப் போலக் குளிர்ந்த அந்த விரல் ஒன்று அவளுடைய நெற்றியின் இடது ஓரத்தில் மெல்லப் பதிந்து, வலது ஓரம்வரை சென்று, ஒரு வரி முடிந்தாற்போல் சற்றே நின்று, ஒரு மயிரிழை கீழிறங்கி, மீண்டும் இடமிருந்து தொடங்கியது.